பத்து ரூபாயும் பழைய புடவையும்: மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் வாழ்வும் பணியும்

மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1883-ஆம் ஆண்டு திருவாரூரில் பிறந்தார். தந்தை கிருஷ்ணசாமி, தாய் சின்னம்மாள். குடும்பப் பாரத்தைத் தாங்க முடியாத தந்தை ஊரைவிட்டுச் சென்னைக்குப் போனார். பின்னர் தாயும் புறப்பட்டார். புறப்படும் முன், பத்து வயதுகூட நிரம்பாத மகளை ஆச்சிக்கண்ணு என்ற தாசியிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். அதற்குப் பெற்றுக்கொண்டது பத்து ரூபாயும் ஒரு பழைய புடவையும். மாயவரத்தை அடுத்த மூவலூரில் அந்தக் குழந்தை வளர்ந்தது. அந்த ஊரின் பெயர்தான் பின்னாளில் தமிழ்நாடு முழுவதும் அவரை அடையாளம் காட்டியது.

இந்தக் கைமாற்றம் நடந்தபோது இந்தியாவில் அடிமை முறைக்குச் சட்டத்தில் இடமில்லை. ஒரு மனிதர் இன்னொருவருக்கு உடைமை என்று எந்த நீதிமன்றமும் ஒப்புக்கொள்ளக் கூடாது என்று 1843-ஆம் ஆண்டின் ஐந்தாவது சட்டம் சொல்லியிருந்தது. 1860-ல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டம் ஒருபடி மேலே போனது. ஒருவரை அடிமையாக வாங்குவதும் விற்பதும் 370-வது பிரிவின்படி குற்றம். பரத்தைமைக்காகச் சிறுமியை விற்பது 372-வது பிரிவின்படியும், வாங்குவது 373-வது பிரிவின்படியும் தண்டனைக்கு உரியவை. இவ்வளவு இருந்தும் திருவாரூர்க் குழந்தைக்கு எந்தப் பிரிவும் துணைக்கு வரவில்லை. காரணம் எளியது: விற்றோம், வாங்கினோம் என்று எவரும் எழுதிக்கொள்வதில்லை. வளர்ப்புக்கு விட்டார்கள், சுவீகாரம் எடுத்தார்கள் என்றே ஊர் சொல்லும். தாசி ஒருத்தி பெண் குழந்தையைச் சுவீகாரம் எடுத்து அவளுக்கே தன் சொத்தை விடுவது குல வழக்கம் என்று சென்னை உயர் நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டிருந்தது. கெட்ட நோக்கத்தோடு எடுத்தார்கள் என்று மெய்ப்பித்தால்தான் தண்டனை. ஏழெட்டு வயதுக் குழந்தையின் வருங்காலத்தைப் பற்றி வளர்ப்புத் தாயின் மனத்தில் இருக்கும் நோக்கத்தை எந்தச் சாட்சியைக் கொண்டு மெய்ப்பிப்பது?

வாங்கப்பட்ட குழந்தைக்கு அந்த வீட்டில் பாட்டு சொல்லிக்கொடுத்தார்கள். தமிழோடு தெலுங்கும் சமஸ்கிருதமும் கற்பித்தார்கள். குடும்பப் பெண்கள் என்று சொல்லப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் ஏட்டைக் கையால் தொட்டறியாத காலம் அது. தாசிகளோ படித்தார்கள், பத்திரங்களில் கையெழுத்திட்டார்கள், நிலம் வைத்திருந்தார்கள், வழக்காடினார்கள். இராமாமிர்தம் அம்மையாரை எழுத்தாளராக்கிய கல்வி, அவரை அடைத்து வைக்க நினைத்த வீடு கொடுத்த கல்விதான். இந்த முரணை மறைத்துவிட்டு அவருடைய வாழ்வைச் சொல்ல முடியாது.

தாசிகள் எல்லாருமே அடிமைகளா என்ற கேள்விக்கு ஒரே சொல்லில் விடை கிடையாது. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் நானூறு தளிச்சேரிப் பெண்டுகளைக் குடியமர்த்தி, ஒவ்வொருவருக்கும் ஒரு வீடும், ஆண்டுக்கு நூறு கலம் நெல் வரும் ஒரு பங்கும் கொடுத்ததை அக்கோயிலின் கல்வெட்டுகள் பெயர் பெயராகப் பதிந்திருக்கின்றன. அவர்கள் கோயில் ஊழியர்கள், மதிப்புள்ள ஊழியர்கள். அதே சோழ நாட்டில், பஞ்சத்திலும் வறுமையிலும் ஆட்கள் தங்களையும் தங்கள் பெண்டு பிள்ளைகளையும் கோயிலுக்கு விற்றுக்கொண்டதைச் சொல்லும் கல்வெட்டுகளும் இருக்கின்றன. நிவந்தம் பெற்று ஆடியவரும் விலைக்கு வந்தவரும் ஒரே மதிலுக்குள் இருந்திருக்கிறார்கள். பின்னாளில் எழுந்த விவாதத்தில் ஒரு தரப்பு முதல் வகைக் கல்வெட்டையே காட்டியது. மறு தரப்பு இரண்டாம் வகையையே வாழ்ந்து பார்த்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்குள் நிலைமை மிகவும் மாறிவிட்டது. அரசர்கள் போய்விட்டார்கள். கோயிலின் செல்வம் சுருங்கியது. காவிரிப் படுகையில் நெல் விளையும் நிலங்களை வைத்திருந்த மிராசுதார்களும், அவர்கள் வீட்டு உல்லாச இளைஞர்களான மைனர்களுமே தாசி வீடுகளின் புரவலர்கள். கடவுளுக்கு அர்ப்பணிக்கப்பட்டுக் கோயிலில் பொட்டுக்கட்டிக்கொண்ட பெண்ணுக்கு இனாம் நிலத்தில் உரிமை உண்டு. அந்த உரிமை தொடர வேண்டுமானால் வீட்டில் அடுத்த தலைமுறைக்கும் ஒரு பெண் பொட்டுக்கட்டியாக வேண்டும். பெண் பிறக்காத வீட்டுக்கு வெளியிலிருந்து பெண் வேண்டும். குழந்தைகளை வாங்கும் வழக்கத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. தாசி வீட்டை நடத்தும் தாய்க்கிழவியின் பேராசை என்று அக்காலத்து நாடகங்கள் நையாண்டி செய்தது, உண்மையில் நிலத்தைக் காப்பாற்றிக்கொள்ளும் தவிப்பு. அந்தத் தவிப்பின் விலையைச் சிறுமிகள் கொடுத்தார்கள்.

பருவம் வந்ததும் தொழிலில் இறங்கும்படி வந்த வற்புறுத்தலுக்கு இராமாமிர்தம் அம்மையார் பணியவில்லை. தமக்கு இசை கற்பித்த சுயம்புப் பிள்ளையையே மணந்துகொண்டார். இன்று இது சாதாரணச் செய்தியாகத் தோன்றலாம். அந்த வீடுகளின் கணக்கில் அது பெரிய கலகம். பாட்டும் பாடமும் சொல்லிக்கொடுத்து வளர்த்த பெண் ஒருவனோடு குடும்பம் நடத்தப் போனால், போட்ட முதல் போய்விடும். வரவேண்டிய வருமானமும் போய்விடும். உறவினரின் பகை அவரை வெகுகாலம் துரத்தியது.

அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்து அடிமை ஒழிப்புக்கும் பெண்ணுரிமைக்கும் குரல் கொடுத்த சோஜர்னர் ட்ரூத் என்ற பெண்மணி, இராமாமிர்தம் அம்மையார் பிறந்த அதே 1883-ல் காலமானார். நியூயார்க் மாநிலத்தில் இசபெல்லா என்ற பெயரோடு பிறந்த அவரை ஒன்பது வயதில், ஓர் ஆட்டு மந்தையோடு சேர்த்து நூறு டாலருக்கு விற்றார்கள். 1826-ல் அவர் எசமான் வீட்டிலிருந்து கைக்குழந்தையோடு நடந்து வெளியேறினார். சட்டத்துக்குப் புறம்பாகத் தென் மாநிலத்துக்கு விற்கப்பட்ட தம் மகனை மீட்க வழக்குத் தொடுத்து வென்றார். இருவர் வாழ்வையும் அருகருகே வைத்தால் ஒற்றுமைகள் பல தெரியும். ஆனால் வேறுபாடு ஒன்று முக்கியமானது. அமெரிக்க அடிமைக்கு எசமான் யார் என்பதில் ஐயமில்லை. அவன் பெயர் பத்திரத்தில் இருக்கும். பொட்டுக்கட்டிய பெண்ணின் எசமான் யார்? பெற்றவளா, வளர்த்தவளா, மிராசுதாரா, கோயில் தர்மகர்த்தாவா, கடவுளா? எதிரியைச் சுட்டிக்காட்டுவதே இங்கே பாதிப் போராட்டமாக இருந்தது.

பொட்டுக்கட்டைத் தடுப்பதில் அரசு முந்திக்கொண்ட இடம் மைசூர் சமஸ்தானம். பிரிட்டிஷ் இந்தியாவில் எந்த மாகாணமும் கைவைக்கத் துணியாத காலத்தில், நான்காம் கிருஷ்ணராஜ உடையார் ஆட்சியில், 1909-ல், கோயில்களை நிர்வகித்த முசராய் இலாகாவின் கீழிருந்த கோயில்களில் தேவதாசிச் சேவை நிறுத்தப்பட்டது. கெஜ்ஜெ பூஜெ என்று கன்னடத்தில் வழங்கும் அர்ப்பணச் சடங்குக்கும் அக்கோயில்களில் இடமில்லை என்றாயிற்று. ஆகமம் கேட்கும் தூய்மை இப்போதுள்ள தாசிகளிடம் இல்லை என்பது அரசு சொன்ன காரணம். நஞ்சன்கூடு ஸ்ரீகண்டேஸ்வரர் கோயில் தாசிகள் தங்கள் பரம்பரை உரிமையைச் சொல்லி மன்றாடியும் பயனில்லை. இந்த ஆணையைப் படிக்கும்போது ஒன்று கண்ணில் படும். கோயிலின் தூய்மையைப் பற்றி அதில் கவலை இருந்தது. வேலையிழந்த பெண்ணின் பிழைப்பைப் பற்றி அதே அளவு கவலை இல்லை. பொட்டுக்கட்டு முறையைக் கோயிலிலிருந்து எடுத்தால் வீட்டிலிருந்தும் போய்விடும் என்ற நம்பிக்கை பலிக்கவில்லை. பல பத்தாண்டுகள் கழித்து, 1969-ல், மைசூர் மாவட்டத்துக்காரரான இயக்குநர் புட்டண்ண கணகால், எம்.கே. இந்திராவின் நாவலைத் தழுவி 'கெஜ்ஜெ பூஜெ' என்ற படத்தையே எடுக்க வேண்டியிருந்தது.

அதே நஞ்சன்கூட்டில் 1878-ல் பிறந்தவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். தாயார் புட்டலட்சுமி கோயில் சேவைக் குடும்பத்தைச் சேர்ந்தவர். நாகரத்தினம்மாள் மைசூரில் கற்று, பெங்களூரில் பாடி, சென்னையில் செல்வம் சேர்த்து, அந்தச் செல்வத்தைத் திருவையாற்றில் தியாகராசர் சமாதிக்குக் கோயில் எழுப்பச் செலவிட்டார். முத்துப்பழனி என்ற தஞ்சை அரசவைக் கவிஞரின் 'ராதிகா சாந்த்வனம்' என்ற தெலுங்குக் காவியத்தை 1910-ல் முழுமையாகப் பதிப்பித்து, அரசின் தடையைச் சந்தித்தார். 1927-ல் பொட்டுக்கட்டு ஒழிப்புப் பேச்சு சென்னை சட்டசபைக்கு வந்தபோது, தாசிகளின் சங்கத்தோடு நின்று அதை எதிர்த்தவர்களில் அவரும் முன்னணியில் இருந்தார். தாசிகளைப் பரத்தையரோடு சேர்த்து எண்ணாதீர்கள், கல்வி கொடுங்கள், கலையையும் உரிமையையும் பறிக்காதீர்கள் என்பது அந்தச் சங்கத்தின் வாதம். இராமாமிர்தம் அம்மையாரை மட்டும் படித்துவிட்டு இந்த வாதத்தை ஏளனம் செய்வது நியாயமாகாது. நாகரத்தினம்மாளுக்கு அந்த வாழ்வு கலையையும் சொத்தையும் பெயரையும் கொடுத்தது. ஆச்சிக்கண்ணு வீட்டுக்குப் பத்து ரூபாய்க்கு வந்த குழந்தைக்கு அது கொடுத்தது வேறு. இருவரும் தாம் கண்டதைத்தான் சொன்னார்கள்.

இராமாமிர்தம் அம்மையாரின் பொதுவாழ்வு காங்கிரசில் தொடங்கியது. கதர் உடுத்தி, கதர் விற்று, கூட்டங்களில் பேசினார். கூடவே, தம் சமூகத்துப் பெண்களைப் பொட்டுக்கட்டிலிருந்து விடுவிக்கும் வேலையையும் மாயவரம் வட்டாரத்தில் செய்துகொண்டிருந்தார். 1925 நவம்பரில் காஞ்சிபுரத்தில் நடந்த காங்கிரஸ் மாகாண மாநாட்டில் வகுப்புரிமைத் தீர்மானத்துக்கு இடம் கிடைக்காமல் பெரியார் வெளியேறியபோது, அவர் பக்கம் வந்தவர்களில் இராமாமிர்தம் அம்மையாரும் ஒருவர். பெரியாரின் சுயமரியாதை இயக்கத்தில் அவருக்குக் கிடைத்தது ஒரு மேடை மட்டும் அன்று. தாசி முறையை ஒழுக்கக் கேடு என்று பேசியவர்கள் முன்பே இருந்தார்கள். அதைச் சாதியோடும் கோயிலோடும் ஆண்களின் சொத்தோடும் இணைத்துப் பேச அந்த இயக்கம் இடம் கொடுத்தது.

அவர் வேலை செய்த முறை எளிமையானது, ஆபத்தானதும்கூட. தாசி வீடுகள் இருந்த தெருக்களுக்குள் போவார். தாயோடும் மகளோடும் பேசுவார். விட்டு வர இசைந்த பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடித் திருமணம் செய்து வைப்பார். எதிர்ப்பு எல்லாப் பக்கமிருந்தும் வந்தது. மைனர்களுக்கு அவர் பிடிக்காதவர், தாய்க்கிழவிகளுக்கு வயிற்றில் அடிப்பவர், கோயில்காரர்களுக்கு நாத்திகர். மேடையில் இருந்தபோது அவர் கூந்தலை எவரோ அறுத்துவிட்டதாகவும், அதன்பின் அவர் முடியைக் குட்டையாகவே வைத்துக்கொண்டதாகவும் இயக்கத்தவர்கள் சொல்வதுண்டு. அவருக்குத் துணையாக நின்றவர்களில் சமூகத்து ஆண்களும் இருந்தார்கள். நாகசுரக்காரர்களும் நட்டுவனார்களும் இசை வேளாளர் என்ற பெயரில் சங்கம் வைத்து, தங்கள் குடும்பத்தின் மீது ஒட்டிய இழிவைத் துடைக்க முயன்ற காலம் அது. அந்த ஆண்களின் அக்கறையில் தன்மானமும் இருந்தது. வீட்டில் பெண்களுக்கிருந்த சொத்துரிமையும் செல்வாக்கும் குறைந்தால் தங்களுக்கு நல்லது என்ற எண்ணமும் கலந்திருக்கக்கூடும். ஆய்வாளர்கள் பலர் இதைச் சுட்டியிருக்கிறார்கள். சுட்டியது சரியென்றே படுகிறது.

சட்டசபையில் இந்தப் போராட்டத்தை நடத்தியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். தாயார் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். சென்னை சட்டசபையின் துணைத் தலைவராக 1927-ல் தேர்ந்தெடுக்கப்பட்ட அவர், அந்த ஆண்டே பொட்டுக்கட்டை ஒழிக்க வேண்டும் என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்தார். 1929-ல் இந்து அறநிலையச் சட்டத்துக்கு வந்த திருத்தம் உண்மையில் பெரிய வெற்றி. கோயில் சேவை செய்தால்தான் இனாம் நிலம் என்றிருந்த கட்டை அது அறுத்தது. சேவை செய்யாமலே நிலம் அந்தப் பெண்ணுக்கு உரியது என்றாயிற்று. நிலத்தைக் காக்க மகளுக்குப் பொட்டுக்கட்ட வேண்டிய தேவை இல்லாமல் போனது. மைசூர் ஆணை தொடாத முடிச்சை இந்தத் திருத்தம் தொட்டது. 1930-ல் அவர் கொண்டுவந்த அர்ப்பணத் தடை மசோதா நிறைவேறவில்லை. காந்தியடிகளின் கைதைக் கண்டித்து அவர் பதவி விலகியதோடு அது கிடப்பில் விழுந்தது. மசோதாவை ஆதரித்து ஊர் ஊராகப் பேசியவர்களில் இராமாமிர்தம் அம்மையார் முக்கியமானவர். சட்டசபையில் ஒருவர், தெருவில் ஒருவர். இருவரும் ஒரே மரபிலிருந்து வந்தவர்கள். ஒருவர் மருத்துவக் கல்லூரி வழியாக, மற்றவர் ஆச்சிக்கண்ணு வீட்டு வழியாக.

1936-ல் இராமாமிர்தம் அம்மையாரின் நாவல் வெளிவந்தது: 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்'. தமிழில் ஒரு பெண், அதுவும் தாசி வீடுகளுக்குள்ளே வளர்ந்த பெண், அந்த வீடுகளைப் பற்றி எழுதிய முதல் பெரிய ஆவணம் இது. சோமசேகரன் என்ற பணக்கார மைனர் காந்தா, கானவதி என்ற சகோதரிகளின் வலையில் விழுகிறான், சொத்து கரைகிறது, மனைவி ஞானசுந்தரி போராடுகிறாள், தாசித் தொழிலை உதறிவிட்டு வந்த குணபூஷணி போன்ற பெண்கள் சீர்திருத்தத்தை நடத்துகிறார்கள். கதைக்கு நடுவே நீண்ட சொற்பொழிவுகள் வரும். கடிதங்கள் வரும். பாத்திரங்கள் மாநாடு கூட்டித் தீர்மானம் போடுவார்கள். நாவல் இலக்கணத்தை வைத்துப் பார்ப்பவர் பொறுமை இழப்பார். ஆனால் தாசி வீட்டின் கணக்கு வழக்கு, எவனிடம் எதைக் கேட்பது, எப்போது ஊடுவது, எப்போது கடிதம் எழுதுவது, இடையில் நிற்கும் தரகர்களுக்கு எவ்வளவு என்பதெல்லாம் உள்ளே இருந்தவருக்கு மட்டுமே தெரியும் நுணுக்கத்தோடு எழுதப்பட்டிருக்கின்றன.

இந்த நாவலில் ஒரு சிக்கல் உண்டு. தாசிகளை அது மிகக் கடுமையாகச் சித்திரிக்கிறது. வலை விரிப்பவர்கள் பெண்கள், விழுபவன் ஆண். தலைப்பிலேயே அந்தத் தீர்ப்பு இருக்கிறது. விற்கப்பட்ட குழந்தையின் கதையை எழுத உரிமை உள்ளவர், ஏமாந்த மைனரின் கதையை எழுதியதேன் என்று கேட்கத் தோன்றும். இதற்கு ஒரு விடை, அக்கால வாசகர் யார் என்பதில் இருக்கிறது. காசு கொடுத்து நாவல் வாங்கிப் படித்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள்; அவர்களைத் தாசி வீட்டு வாசலிலிருந்து திருப்பி அனுப்ப, உன் பணம் போகும் என்ற அச்சத்தைவிட வலிய கருவி கிடையாது. இன்னொரு விடை கசப்பானது. அவரை வாங்கியவளும் ஒரு பெண். விற்றவளும் ஒரு பெண். அந்தக் கோபம் எழுத்தில் ஆறவில்லை. அதே நாவலில் புராணங்களையும் கோயில் ஏற்பாட்டையும் அவர் தாக்கும் பகுதிகளில்தான் முழு எதிரி தென்படுகிறான்: பெண்ணைக் கடவுளுக்குக் கொடுத்துவிட்டுத் தான் எடுத்துக்கொள்பவன்.

1945-ல் அண்ணாவின் 'திராவிட நாடு' இதழில் 'தமயந்தி' என்ற தொடரை அவர் எழுதினார். அதில் அவர் வாழ்வின் சாயல் நேராகவே விழுந்திருக்கிறது. நாவலைப் போல அது பரவலாகப் படிக்கப்படவில்லை.

அவருடைய போராட்டம் பொட்டுக்கட்டோடு முடியவில்லை. 1938-ல் இராசாசி அரசு பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியதை எதிர்த்து, ஆகஸ்டு 1-ஆம் தேதி திருச்சியிலிருந்து தமிழர் பெரும்படை புறப்பட்டது. குமாரசாமிப் பிள்ளை, பட்டுக்கோட்டை அழகிரிசாமி ஆகியோரோடு அந்தப் படையின் தலைமையில் இராமாமிர்தம் அம்மையாரும் நடந்தார். வயது ஐம்பத்தைந்து. வழியெல்லாம் கூட்டம் போட்டுப் பேசிக்கொண்டே 42 நாள் நடந்து செப்டம்பர் 11 அன்று சென்னை சேர்ந்தார்கள். நவம்பர் 13-ல் சென்னையில் கூடிய தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடுதான் ஈ.வெ.ரா.வுக்குப் 'பெரியார்' என்ற பட்டத்தை வழங்கியது. மறுநாள் பள்ளி முன் மறியல் செய்து கைதான பெண்களில் டாக்டர் தருமாம்பாளும் இராமாமிர்தம் அம்மையாரும் இருந்தார்கள். ஆறு வாரச் சிறை. தாசித் தெருவில் வளர்ந்த பெண் பொது வீதியில் நடந்தால் வேறு விதமாகப் பார்த்த சமூகத்தில், அவர் திருச்சியிலிருந்து சென்னை வரை தலைவராக நடந்தார் என்பதைத் தனியே கவனிக்க வேண்டும். அரசியல் அவருக்குக் கொடுத்த விடுதலைகளில் இது சிறியது அன்று.

இதற்கிடையில் மற்ற இடங்களில் சட்டங்கள் வந்துகொண்டிருந்தன. திருவிதாங்கூர் 1930-ல் தேவதாசி முறையை நிறுத்தியது. பம்பாய் மாகாணம் 1934-ல் தேவதாசிப் பாதுகாப்புச் சட்டம் இயற்றியது. சென்னை மாகாணம், விவாதத்தை முதலில் சூடாக்கிய மாகாணம், 1947 வரை காத்திருந்தது. ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் முதலமைச்சராக இருந்தபோது, தேவதாசிகள் அர்ப்பணத் தடைச் சட்டம் நிறைவேறியது. எந்தப் பெண்ணையும் எந்தக் கோயிலுக்கும் அர்ப்பணிப்பது குற்றம். முன்பே பொட்டுக்கட்டிய பெண் செய்துகொள்ளும் திருமணம் செல்லும். கோயிலிலும் சாமி ஊர்வலத்திலும் பெண்கள் ஆடுவதற்கும் தடை. கடைசியாகச் சொன்ன விதி, ஆடும் பெண்களின் தொழிலை வேரோடு எடுத்தது. அதற்குள் தாசிகள் ஆடிவந்த சதிர் பரதநாட்டியமாகி, சபா மேடையேறி, வேறு குடும்பத்துப் பெண்களின் கைக்குப் போய்விட்டிருந்தது. கலையும் போய், கோயிலும் போய் நின்ற பெண்களுக்கு மாற்று வாழ்வு என்ன என்பதைச் சட்டம் யோசிக்கவில்லை. அதை யோசித்தவை முத்துலட்சுமி ரெட்டியின் அவ்வை இல்லம் போன்ற தனி முயற்சிகளும், இராமாமிர்தம் அம்மையார் போன்றவர்கள் நடத்தி வைத்த திருமணங்களும்தான்.

1949-ல் பெரியார் தம்மைவிட மிக இளையவரான மணியம்மையை மணந்ததை ஏற்காதவர்கள் அவரைவிட்டுப் பிரிந்தபோது, இராமாமிர்தம் அம்மையாரும் அண்ணாவோடு சென்றார். விரும்பாத இணைப்பை இளம்பெண்கள் மீது சுமத்தும் ஏற்பாட்டை எதிர்த்தே வாழ்நாளைக் கழித்தவர் அவர். தலைவரின் திருமணத்தில் இருந்த வயது வித்தியாசம் அவரை உறுத்தியதில் வியப்பில்லை. மணியம்மையின் விருப்பம் அதில் இருந்தது என்பது வேறு செய்தி. அந்த ஆண்டு செப்டம்பரில் தொடங்கிய திராவிட முன்னேற்றக் கழகத்தில் முதுமையிலும் பணிசெய்தார். 1962 ஜூன் 27-ல் காலமானார்.

அவர் பெயர் மறுபடி எல்லார் வாயிலும் புழங்கியது 1989-ல். இசை வேளாளர் குடும்பத்தில் பிறந்த மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்த அரசு, ஏழைப் பெண்களின் திருமணத்துக்கு உதவித்தொகை வழங்கும் திட்டத்துக்கு மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரைச் சூட்டியது. பின்னர் அதில் தாலிக்குத் தங்கமும் சேர்ந்தது. தாலியை வைத்து அவரை நினைவுகூர்வது பொருத்தமா என்று சுயமரியாதைக்காரர்கள் முணுமுணுத்திருக்கலாம். ஆனால் திருமணம் செய்துகொள்ளும் உரிமையே மறுக்கப்பட்ட பெண்களுக்காக அவர் மாப்பிள்ளை தேடி அலைந்தவர். அந்த வகையில் பெயர் பொருந்தவே செய்தது. 2022-ல் அந்தத் திட்டம் உயர்கல்வி உறுதித் திட்டமாக மாறியது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்துக் கல்லூரி சேரும் பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாய். புதுமைப்பெண் என்ற பெயரில் இது வழங்குகிறது.

கருநாடகத்தில் வரலாறு வேறு வழியில் போனது. 1909 ஆணை பழைய மைசூர் சமஸ்தானத்துக் கோயில்களோடு நின்றது. 1956-ல் மொழிவழி மாநிலம் அமைந்தபோது, பம்பாய், ஐதராபாத் பகுதிகளிலிருந்து வந்து சேர்ந்த வட மாவட்டங்களில் பொட்டுக்கட்டு வேறு வடிவில் உயிரோடு இருந்தது. அங்கே அது இசையோடும் இனாம் நிலத்தோடும் பிணைந்ததன்று. சவதத்தி எல்லம்மா என்ற தெய்வத்துக்கு நேர்ந்துவிடப்பட்டவர்கள் பெரும்பாலும் நிலமற்ற தலித் குடும்பத்துச் சிறுமிகள். மாநிலம் முழுமைக்குமான தடைச் சட்டம் 1982-ல் இயற்றப்பட்டது. அதற்குப் பின்னரும், 1993–94-ல் அரசு எடுத்த கணக்கில் 22,873 பேர் பதிவானார்கள்; 2007–08 கணக்கெடுப்பு மேலும் 23,787 பேரைக் கண்டறிந்தது.

பெலகாவி மாவட்டத்தில் ஏழு வயதில் நேர்ந்துவிடப்பட்ட சீதவ்வா ஜோடட்டி, அந்த வாழ்விலிருந்து வெளியே வந்து, முன்னாள் தேவதாசிகளே நடத்தும் 'மாஸ்' என்ற அமைப்பின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். பெண்களைச் சுய உதவிக் குழுக்களாகத் திரட்டுவது, புதிதாக நேர்ந்துவிடுவதைத் தடுப்பது, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவது ஆகியவை அந்த அமைப்பின் அன்றாட வேலைகள். மூவலூர் அம்மையார் மாயவரத்துத் தெருக்களில் செய்ததற்கும் இதற்கும் இடையே முக்கால் நூற்றாண்டு இருக்கிறது. வேலை ஏறத்தாழ அதே வேலை. 2018-ல் சீதவ்வாவுக்கு இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது.